சட்டப்படி நடந்த வெளியேற்றம், மீறப்பட்ட உரிமை: மாட்ரிட் வாடகைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எந்த நிகழ்வு, ஏன்

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் 2013 அக்டோபரில் வெளியேற்றப்பட்டது. கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள். போதுமான வீட்டைப் பெறும் உரிமை பற்றி ஐ.நா. குழு ஒன்று தனிநபர் முறையீட்டின் பேரில் தந்த தொடக்க காலத் தீர்மானங்களில் ஒன்று இவர்களுடைய விஷயத்தில் வந்தது. அவர்களின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

இந்த நிகழ்வில் அடியாட்கள் கிடையாது, இரவோடு இரவாக வந்து இடித்த புல்டோசர் கிடையாது. வீட்டுக்காரர் சட்டப்படி வழக்குப் போட்டார். நீதிமன்றம் சட்டப்படி ஆணை பிறப்பித்தது, போலீஸ் ஆணைப்படி வந்தது. இத்தனைக்கும் பிறகு அந்தக் குடும்பம் காருக்குள் படுத்துத் தூங்கியது. எல்லாரும் அவரவர் வேலையைச் செய்த பிறகும் ஒரு மனித உரிமை மீறப்படலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கை நான் படித்ததில்லை.

பின்னணி

2008 நிதி நெருக்கடியில் ஐரோப்பாவில் மிக மோசமாக அடிபட்ட நாடுகளில் ஸ்பெயினும் ஒன்று. வீடு கட்டும் தொழிலை நம்பி ஊதிப்போயிருந்த பொருளாதாரம் சரிந்ததும், 2013-இல் வேலையின்மை 26 விழுக்காட்டைத் தொட்டது. அந்த ஒரே ஆண்டில் நாடு முழுவதும் நீதிமன்றங்கள் வழியாக நடந்த வெளியேற்றங்கள் அறுபதாயிரத்தைத் தாண்டின. செய்திகளில் அதிகம் வந்தவை வங்கிக்கடன் கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்களின் கதைகள். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அந்த அளவுக்குக் கண்ணில் படவில்லை. ஆனால் எண்ணிக்கையில் அவர்கள் எந்த வகையிலும் குறைந்தவர்கள் இல்லை.

சட்டமும் அந்த ஆண்டுகளில் வாடகைக்காரருக்கு எதிராகவே நகர்ந்தது. வெளியேற்ற வழக்குகளை விரைவுபடுத்தும் சட்டத் திருத்தம் 2011-இல் வந்தது. வாடகை ஒப்பந்தத்தைக் கட்டாயமாக நீட்டிக்க வேண்டிய காலத்தை ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைத்த சட்டம் 2013-இல் வந்தது. ஸ்பெயின் அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு, கண்ணியமான, போதுமான வீட்டைப் பெறும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்கிறது. ஆனால் அது அரசுக்கான வழிகாட்டும் கொள்கைகளின் அத்தியாயத்தில் இருக்கிறது. அதை நேரடியாகக் காட்டி ஒரு வாடகைக்காரர் நீதிமன்றத்தில் வீடு கேட்க முடியாது.

வெளியே இன்னொரு கதவு அப்போதுதான் திறந்திருந்தது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, போதுமான வாழ்க்கைத் தரத்துக்கான உரிமையில் வீட்டையும் சேர்த்தே சொல்கிறது. ஸ்பெயின் 1977-லேயே அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடு. அதன் கீழ் தனிநபர்கள் நேரடியாக ஐ.நா. குழுவிடம் முறையிட வழி செய்யும் விருப்ப நெறிமுறை 2008-இல் ஏற்கப்பட்டாலும், பத்து நாடுகள் உறுதிசெய்த பிறகு 2013 மே 5 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்த முதல் பத்து நாடுகளில் ஸ்பெயினும் இருந்தது. இந்தத் தேதி பின்னால் முக்கியமாகும்.

கவனத்துக்கு வந்தவை: விண்ணப்பமும் வாடகை பாக்கியும்

குடும்பத் தலைவர் மாட்ரிட்டில் ஒரு வீட்டின் அறையை வாடகைக்கு எடுத்து நீண்ட காலமாக இருந்து வந்தார். பின்னர் மனைவியும் குழந்தைகளும் அதே அறையில். வேலை போனதும் அரசு தரும் வேலையிழப்பு உதவித்தொகையில் வாடகை கட்டினார். அந்த உதவித்தொகை 2012-இல் நின்றது, வாடகையும் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று ஒப்பந்தக் காலம் முடிந்தது. புதுப்பிக்கப் போவதில்லை என்று வீட்டு உரிமையாளர் தெரிவித்தார்.

ஆவணங்களைப் படிக்கும்போது என் கண் நின்ற இடம் வேறு. 1999-லிருந்தே இவர் மாட்ரிட் வட்டாரத்தின் பொது வீட்டுவசதி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டுவந்திருக்கிறார். பத்தாண்டுக்கும் மேலாக, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு முறையும் கிடைக்கவில்லை. நெருக்கடி வந்த பிறகு ஓடிப்போய் அரசிடம் கைநீட்டியவர் அல்ல அவர். தன் வருமானத்தில் வெளிச்சந்தையில் குடும்பத்தோடு கௌரவமாக வாழ முடியாது என்பதை அரசுக்கு முன்கூட்டியே, எழுத்தில், பல முறை சொன்னவர்.

வீட்டுவசதி நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன, ஆண்டுதோறும் ஒதுக்கக்கூடிய வீடுகள் சில நூறுகூடத் தேறுவது கடினம். ஸ்பெயினில் சமூக வாடகை வீடுகளின் பங்கு மேற்கு ஐரோப்பிய நாடுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பல பத்தாண்டுகளாக அரசு ஆதரவோடு கட்டிய வீடுகளில் பெரும்பகுதி விற்பனைக்கே போனது, வாடகைக்கு வைத்துக்கொள்ளப்படவில்லை.

ஆனால் அதே 2013-இல் மாட்ரிட் வட்டார அரசு தன்னிடம் இருந்த 2,935 பொது வீடுகளையும் அவற்றோடு சேர்ந்த பிற சொத்துகளையும் 201 மில்லியன் யூரோவுக்கு ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. பட்ஜெட்டைச் சரிக்கட்ட வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரு பக்கம் “வீடு இல்லை” என்ற பதில், மறுபக்கம் கிரயப் பத்திரம். இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது பின்னால் ஐ.நா. குழுதான். மாட்ரிட்டில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

நீதிமன்றத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள்

உரிமையாளர் தொடுத்த வழக்கில் மாட்ரிட் சிவில் நீதிமன்றம் காலி செய்ய ஆணையிட்டது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, பாக்கி இருக்கிறது. அன்றைய ஸ்பெயின் சட்டப்படி வேறு தீர்ப்புக்கு இடமே இல்லை. வெளியேற்றினால் இந்தக் குடும்பம் எங்கே போகும் என்ற கேள்வியை வழக்கின் ஒரு பகுதியாக எடுத்து எடைபோடும் அதிகாரம் நீதிபதிக்குத் தரப்படவில்லை.

இருந்தும் அந்த நீதிபதி கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். குடும்பத்துக்குப் போக்கிடம் இல்லை, சிறு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சமூக சேவைத் துறைக்கும் வீட்டுவசதி அதிகாரிகளுக்கும் நீதிமன்றம் எழுதியது. என்ன ஏற்பாடு செய்யப்போகிறீர்கள் என்று கேட்டது. குடும்பம் கேட்டுக்கொண்டதன் பேரில் வெளியேற்றம் தள்ளியும் வைக்கப்பட்டது. நிர்வாகத்திடமிருந்து உருப்படியான ஏற்பாடு எதுவும் வரவில்லை.

சமூக சேவைத் துறை முன்வைத்த வழி வீடற்றோர் தங்குமிடம். தாயும் குழந்தைகளும் ஓரிடத்தில், தகப்பன் வேறிடத்தில். பிரிந்து போக மாட்டோம் என்று குடும்பம் மறுத்தது. “நாங்கள் கொடுத்தோம், அவர்கள்தான் வேண்டாம் என்றார்கள்” என்பது பிறகு அரசின் வாதமாகவே ஆனது. நெருக்கடியில் இருக்கும் குடும்பம் ஒரு வசதியை மறுக்கும்போது ஏன் மறுக்கிறது என்பதை யாராவது அன்றே எழுதி வைத்திருந்தால் பின்னால் எவ்வளவோ வாதம் மிச்சமாகியிருக்கும்.

2013 அக்டோபர் 3

அன்று போலீஸ் முன்னிலையில் வெளியேற்றம் நடந்தது. சமூக சேவைத் துறை ஒரு தற்காலிகத் தங்குமிடத்தில் பத்து நாள் இடம் கொடுத்தது. பத்து நாள் முடிந்ததும் குடும்பம் தங்கள் காரில் நான்கு நாள் தூங்கியது. பிறகு தெரிந்தவர் ஒருவர் சில வாரங்கள் தம் வீட்டில் தங்கவைத்தார்.

நான்கு நாள்தானே என்று தோன்றலாம். பதினான்கு வருடம் அரசின் வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசியில் கூரை கொடுத்தது ஓர் அறிமுகக்காரரின் மனசு. உரிமை என்ற சொல் தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

முறையீடும் அரசின் பதிலும்

உள்நாட்டு வழிகள் பலனளிக்காத நிலையில் குடும்பம் ஜெனீவாவில் உள்ள பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழுவிடம் முறையிட்டது. நெறிமுறை நடைமுறைக்கு வருவதற்கு முன் நடந்தவற்றைக் குழு பொதுவாக விசாரிக்காது. இங்கே ஒப்பந்தம் முடிந்தது 2012-இல் என்றாலும், வெளியேற்றம் 2013 மே 5-க்குப் பிறகு நடந்தது. அதனால் முறையீடு ஏற்கப்பட்டது. சில மாதங்கள் முன்னால் வெளியேற்றியிருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது.

அரசு தன் பதிலில் வீட்டு உரிமையாளரின் சொத்துரிமையைக் காக்க வேண்டும் என்றது, பொது வீடுகள் போதாது என்றது, இருக்கும் வசதிக்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், தங்குமிடத்தை மறுத்தது அவர்கள்தான் என்றது. எளிதில் தள்ளிவிட முடியாத வாதங்கள் இவை. உரிமையாளர் தன் அறையைத் திரும்பக் கேட்டதில் தப்பே இல்லை. வறுமை ஒழிப்பின் செலவை ஒரு தனி வீட்டுக்காரர் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை.

குழு எப்படி யோசித்தது

2017 ஜூன் 20 அன்று வந்த தீர்மானத்தில் குழு முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. வீட்டு உரிமை சொந்த வீட்டுக்காரருக்கும் அரசுக் குடியிருப்புவாசிக்கும் மட்டுமானது அல்ல, தனியாரிடம் வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்ததாலேயே அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடாது. வெளியேற்றச் சொல்வது தனியாராக இருந்தாலும் அதைச் செய்துமுடிப்பது அரசின் நீதிமன்றமும் அரசின் போலீசும். ஆகவே அரசு ஒதுங்கி நிற்க முடியாது.

இதற்கு அடித்தளம் புதிது அல்ல. உடன்படிக்கையின் பிரிவுகளுக்கு விளக்கம் தரக் குழு வெளியிடும் ஆவணம் பொதுக் கருத்துரை. 1991-இல் வெளியிட்ட 4-ஆவது பொதுக் கருத்துரையில், போதுமான வீடு என்பதன் கூறுகளைப் பட்டியலிடும்போது குழு முதலில் வைத்தது குடியிருப்பின் சட்டப் பாதுகாப்பை. 1997-இல் வந்த 7-ஆவது பொதுக் கருத்துரை முழுக்கவே கட்டாய வெளியேற்றம் பற்றியது. பாதிக்கப்படுவோருடன் உண்மையான கலந்தாலோசனை, போதுமான முன்னறிவிப்பு, மேல்முறையீட்டு வழி, தேவைப்படுவோருக்குச் சட்ட உதவி எல்லாம் அதில் இருக்கின்றன. வெளியேற்றத்தால் ஒருவர் வீடற்றவராகிவிடக் கூடாது, தன்னால் ஏற்பாடு செய்துகொள்ள முடியாதவருக்கு அரசு தன் வளங்களின் உச்ச அளவுக்கு முயன்று மாற்று வீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. மாட்ரிட் வழக்கில் குழு இந்தப் பொதுக் கோட்பாட்டை ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் மீது வைத்துப் பார்த்தது.

வழக்கு திரும்பிய இடம் “வளங்களின் உச்ச அளவு” என்பதில். வீடு இல்லை என்று அரசு சொன்னால் போதாது, தன்னால் ஆனதையெல்லாம் செய்தும் முடியவில்லை என்று அரசே காட்ட வேண்டும் என்றது குழு. நிரூபிக்கும் பொறுப்பு இப்படி இடம் மாறியதும் 2,935 வீடுகளின் விற்பனை முன்னால் வந்து நின்றது. தேவை மிக அதிகமாக இருந்த காலத்தில் இருந்ததையும் ஏன் விற்றீர்கள், அது ஏன் தவிர்க்க முடியாததாக இருந்தது என்பதற்குத் திருப்தியான விளக்கம் இல்லை. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டலாம். ஆனால் நெருக்கடிக் காலத்தில்தான் எளியோருக்கு இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

தங்குமிடத்தை மறுத்த விஷயத்தில் குழு குடும்பத்தின் பக்கம் நின்றது. உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவு குடும்பத்துக்குப் பாதுகாப்பு தரச் சொல்கிறது. குடும்பத்தைப் பிரித்துத்தான் கூரை தர முடியும் என்றால் அந்த ஏற்பாடு ஏன் நியாயமானது என்று அரசு விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை.

முடிவில் 11-ஆம் பிரிவு, தனியாகவும், வளங்களின் உச்ச அளவுக்கு முயலச் சொல்லும் 2-ஆம் பிரிவோடும் 10-ஆம் பிரிவோடும் சேர்த்தும், மீறப்பட்டதாகக் குழு தீர்மானித்தது. வீட்டு உரிமையாளர் மீது ஒரு குறையும் சொல்லவில்லை. நீதிமன்றத்துக்கும் சமூக சேவைத் துறைக்கும் வீட்டுவசதி நிறுவனத்துக்கும் நடுவே ஒருங்கிணைப்பு இல்லாமல் போன அந்த இடைவெளியில்தான் மீறல் இருந்தது.

கேட்கப்பட்ட பரிகாரம்

குடும்பத்துக்கு இப்போது போதுமான வீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவர்களோடு உண்மையாகக் கலந்து பேசிப் பொது வீடோ வேறு தகுந்த ஏற்பாடோ செய்ய வேண்டும். மீறலுக்கு நஷ்டஈடும் வழக்குச் செலவும் தர வேண்டும். நாட்டளவில், வெளியேற்றத்தின் விளைவுகளை நீதிபதி எடைபோட முடியும்படி சட்டத்தை மாற்றுவது, நீதிமன்றமும் சமூக சேவைத் துறையும் ஒருங்கிணைவது, குறைந்த வருமானத்தினருக்கு நிதி, முன்னேற்றத்தை அளக்கும் குறியீடுகள், காலக்கெடு எல்லாம் கொண்ட வீட்டுத் திட்டம் வகுப்பது ஆகியவற்றையும் குழு பரிந்துரைத்தது. பதிலளிக்க ஸ்பெயினுக்கு ஆறு மாதம் கொடுத்தது.

இத்தகைய தீர்மானத்தை ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப் போல அமீனா வைத்து நிறைவேற்ற முடியாது. அது பலவீனம்தான். ஆனால் அதனால் ஒன்றும் நடக்காது என்று முடிவுகட்டியவர்கள் அடுத்த சில ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

பிறகு நடந்தது

2019 மார்ச்சில் வந்த அவசரச் சட்டம் ஒன்று சிவில் வழக்கு நடைமுறையைத் திருத்தியது. வெளியேற்ற வழக்கில் நீதிமன்றம் சமூக சேவைத் துறைக்குத் தகவல் தர வேண்டும். குடும்பம் நலிந்த நிலையில் இருப்பது உறுதியானால் வெளியேற்றம் நிற்கும். உரிமையாளர் தனிநபராக இருந்தால் ஒரு மாதம், நிறுவனமாக இருந்தால் மூன்று மாதம். அந்தச் சட்டத்தின் முன்னுரையே 2017 ஜூன் 20 தீர்மானத்தைக் குறிப்பிடுகிறது. கொரோனா காலத்தில் நலிந்த குடும்பங்களின் வெளியேற்றங்கள் தனி உத்தரவால் நிறுத்திவைக்கப்பட்டன. 2023 மேயில் வந்த வீட்டு உரிமைச் சட்டம் அந்த இடைநிறுத்தத்தைத் தனிநபர் வழக்கில் இரண்டு மாதம், நிறுவனங்கள் வழக்கில் நான்கு மாதம் என்று நீட்டியது. அறையைத் திரும்பக் கேட்கும் சிறிய வீட்டுக்காரரையும் ஆயிரம் வீடு வைத்திருக்கும் நிறுவனத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

விற்கப்பட்ட வீடுகள் விஷயத்தில், அங்கே குடியிருந்த ஒருவர் தொடுத்த வழக்கில் 2018-இல் மாட்ரிட் நீதிமன்றம் ஒன்று விற்பனையைச் செல்லாது என்றது. அந்த வீடுகள் தேவையில்லை என்று வட்டார அரசு முடிவுக்கு வந்ததற்கு முறையான காரணம் காட்டப்படவில்லை என்பது அதன் சாரம்.

ஜெனீவாவில் இந்த வழக்கு மற்றவர்களுக்கு வழி திறந்தது. அதன் பிறகு குழுவுக்கு வந்த முறையீடுகளில் மிகப் பெரும்பகுதி ஸ்பெயின் வெளியேற்ற வழக்குகளே. 2019-இல் ஆறு குழந்தைகளின் தாய் ஒருவரின் வழக்கில் குழு இன்னொரு படி போனது. அவருக்கு அந்த வீட்டில் இருக்கச் சட்டப்படி உரிமையே இல்லை. அப்படிப்பட்டவரை வெளியேற்றும்போதும், அதனால் கிடைக்கும் நன்மைக்கும் அவருக்கு நேரும் பாதிப்புக்கும் இடையே நீதிபதி எடைபோட வேண்டும் என்றது குழு. அனுமதியில்லாமல் குடியிருந்தார் என்பதற்காகவே அவரைப் பொது வீட்டுக்கு விண்ணப்பிக்க விடாமல் தடுத்ததும் மீறல் என்றது.

எங்கே வேறு விதமாக நடந்திருக்கலாம்

உதவித்தொகை நின்ற மாதத்திலேயே ஏதாவது செய்திருக்கலாம். பணத்தை நிறுத்திய அலுவலகத்துக்கு இவர் வாடகைக்காரர், இனி வாடகை கட்ட வழியில்லை என்பது தெரிந்திருக்க முடியும். அந்தத் தகவல் வீட்டுவசதி நிறுவனத்துக்குப் போகவில்லை. ஒரு சிறு வாடகை மானியம் சில மாதம் கிடைத்திருந்தால் உரிமையாளருக்கும் பாக்கி இருந்திருக்காது.

அடுத்தது, நீதிமன்றம் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்லாதது. நீதிபதி கேட்டார், நிர்வாகம் நழுவியது, அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. 2019 திருத்தம் தகவல் தருவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் மாற்று வீடு தரும் கடமையை அதே உறுதியோடு சொல்லவில்லை. இரண்டு மாதமோ நான்கு மாதமோ கழித்து அதே கதவில் அதே போலீஸ் வந்து நிற்கலாம். கால அவகாசம் வீடாகிவிடாது. என் பார்வையில் ஸ்பெயின் இன்னும் முடிக்காத வேலை இதுதான்.

குடும்பங்களுக்குத் துணைநிற்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நடைமுறை சார்ந்தது. இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியவை தேதி போட்ட தாள்கள். 1999 முதலான விண்ணப்பங்கள், நிராகரிப்புகள், நீதிமன்றத்தில் தள்ளிவைக்கக் கேட்ட மனுக்கள் எல்லாம் கையில் இருந்ததால்தான் “இவர்கள் முயலவில்லை” என்ற வாதம் நிற்கவில்லை. ஒரு தங்குமிடத்தை மறுக்க நேர்ந்தால் காரணத்தை அன்றே எழுதிக் கொடுத்து நகல் வாங்கிவைப்பது நல்லது.

நம் பக்கத்தில்

இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கையில் இருக்கின்றன, 1979, 1980 முதல். விருப்ப நெறிமுறையை இரண்டுமே ஏற்கவில்லை. அதனால் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு குடும்பம் இதே போல ஜெனீவாவுக்கு முறையீடு அனுப்ப முடியாது. ஆனால் 7-ஆவது பொதுக் கருத்துரை விளக்கும் கடமை உடன்படிக்கையில் உள்ள எல்லா நாட்டுக்கும் உரியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் வாழ்வாதாரத்தை இந்திய அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமையோடு சேர்த்துப் படித்தது, ஆனாலும் வெளியேற்றத்தை முழுதாகத் தடுக்கவில்லை. 1996-இல் தங்குமிடத்தையும் அதே உரிமைக்குள் சேர்த்தது. நம் நீதிமன்றங்களில் வெளியேற்றத்தை எதிர்த்து வாதிடுவோர் மாட்ரிட் தீர்மானத்தை மேற்கோள் காட்டத் தடை ஏதும் இல்லை. அதிலிருந்து எடுக்க வேண்டிய முதல் கேள்வி, மாற்று வீடு இல்லை என்று அரசு சொல்லும்போது, இருந்த வீடுகளையும் நிலத்தையும் அதே காலத்தில் யாருக்குக் கொடுத்தது என்பது.